மீன் தொட்டிக்குக் கீழே இருந்த குமிழ்கள்

போன கிழமை, கீபோர்ட் திருத்துகிறவர்கள் சேர்ந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி படம் போட்டிருந்தான். பழைய அனலொக் சிந்தசைசர் ஒன்று, பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு வயர். "அக்கா, மிடி கொடுத்துட்டேன். சின்ன வேலைதான்" என்று கீழே எழுதியிருந்தான். புதுக் கீபோர்டால் பழையதை வாசிக்க வைக்கும் வழிதான் மிடி. பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைத் தட்டிவிட்டு போனை வைத்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை. எர்த் வயரைப் பார்த்தாயா, அது ஜப்பானில் விற்ற மெஷினா, அங்குள்ள கரண்ட் வேறு என்பது தெரியுமா என்றெல்லாம் கேட்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். ஓய்வு பெற்றவள் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தால் குழுவை விட்டே தூக்கிவிடுவார்கள்.

இரவு அவனே கேட்டான். "அக்கா, நீங்க செஞ்சதுல ஆகக் கஷ்டமான கனெக்‌ஷன் எது?" குரல் பதிவில் சொல்லப் பார்த்தேன். பாதியில் எனக்கே படபடப்பு வந்து நிறுத்திவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி இந்தப் பிள்ளைகள் பெரிதாக நினைத்திருக்கிறார்கள். பொம்பளையாக இருந்து அந்தக் காலத்திலேயே திறந்த மெஷினுக்குள் கை விட்டவள், துணிச்சல்காரி என்கிறார்கள். ஒரு மண்ணும் இல்லை. நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. ஸ்விட்சைப் போடுவதற்கு முன் வயரை மூன்று தரம் சரிபார்க்காத நாளே இல்லை. கடையை விட்டு வந்த பிறகும் எங்காவது கருகிய வாடை வந்தால் எழுந்து நின்றுவிடுவேன். பார்த்தால் பக்கத்து வீட்டில் சம்பலுக்கு மிளகாய் வறுப்பார்கள்.

நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிந்து பல்லேகலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் வைத்தேன். எதற்கு வைக்கிறோம் என்று தெரியாமலே பல வருஷம் வைத்தேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று பின்னேர வகுப்புக்குப் போனேன். அங்கே படிப்பித்தவர் என்னை ரஸீன் நானாவிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார். என் படிப்புக் கதை அவ்வளவுதான்.

ரஸீன் நானா அக்குறணைக்காரர்; அங்குள்ள முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். கண்டி டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய கடை. கீபோர்ட், அம்ப்ளிபையர், மிக்சர் எல்லாம் வரும். பள்ளிவாசல் மைக்கும் கோயில் மைக்கும் விகாரை மைக்கும் ஒரே மேசையில் கிடக்கும். நானா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திட்டாத முதலாளிதான் ஆபத்தானவர் என்பது போகப் போகத்தான் விளங்கியது. பிழை செய்தால் கையிலிருந்த சாமானை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு இரண்டு அடி வாங்கிக்கொள்ளலாம்.

அவருடைய வேலை முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெஷினைத் திறக்குமுன் மணிக்கூட்டையும் மோதிரத்தையும் கழற்றுவார். என்னையும் வளையலைக் கழற்றச் சொல்வார். கரண்ட் ஓடும்போது அளப்பதென்றால் ஒரு கைதான் வேலை செய்ய வேண்டும், மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும். அதைவிட முக்கியம், மீட்டர் முனையை ஓர் இடத்தில் வைப்பதற்கு முன் அங்கே எவ்வளவு காட்டும் என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும்.

"சொல்லிட்டு வைங்க தங்கச்சி."

"எவ்வளவு வருதுன்னு பாக்கத்தானே நானா வைக்கிறேன்?"

"பாக்கிறத்துக்கு முந்தி ஒங்களுக்குத் தெரிஞ்சீக்கணும். தெரியாட்டி, வார நம்பர் எல்லாம் ஒங்களுக்குச் சரியாத்தான் தெரியும்."

எனக்கு அது பெரிய வேதனை. பிழையாகச் சொல்லிவிட்டால் கடையில் எல்லாருக்கும் கேட்கும். ஆனால் அந்தப் பழக்கம் எத்தனையோ சாமானைக் காப்பாற்றியிருக்கிறது. ஒருமுறை ஹோட்டல் பேண்ட் ஒன்று பழைய ட்ரம் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து, புதுக் கீபோர்டோடு உடனே இணைத்துத் தரச் சொல்லி நின்றது. இரண்டிலும் ஒரே மாதிரி ஐந்து துளைச் சொக்கெட். வயரும் பொருத்தமாகத்தான் இருந்தது. சாயந்திரம் கல்யாண விருந்து, வேன் கீழே நிற்கிறது, பேண்ட் மாஸ்டர் ஹோன் அடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வயரைக் குத்தப் போய், ஒவ்வொரு துளையிலும் என்ன வரும் என்று சொல்லிப் பார்த்தேன். சொன்னது ஒன்று, மீட்டர் காட்டியது வேறு. அந்தச் சொக்கெட் மிடியே இல்லை. தாளத்துக்குத் துடிப்பு அனுப்பும் வேறு சொக்கெட், உருவம் மட்டும் ஒன்று. அன்று வேன் பிந்தித்தான் போனது. மாஸ்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டு வாங்கினாலும் ஒன்றும் புகையவில்லை என்று எனக்கு நிம்மதி.

இனி அந்தக் கஷ்டமான வேலைக்கு வருகிறேன். அது நான் கடையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. நானாவுக்கும் வயதாகியிருந்தது. கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்டுப் பார்ப்பார்.

கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் நிரோஷா. கனடாவிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய அப்பா தேவராஜா பகலில் வங்கியில் வேலை, சனி ஞாயிறு கண்டி ஹோட்டல்களில் கீபோர்ட் வாசிப்பவர். செத்துப் பல வருஷம். அவர் தானே ஒரு சின்ன மெட்டுப் போட்டு வைத்திருந்தார். கச்சேரி முடிவில் எப்போதும் அதைத்தான் வாசிப்பாராம். அதை வாசித்த சிந்தசைசர் இன்னும் வீட்டில் இருக்கிறது. வீட்டை விற்றாகிவிட்டது, அம்மாவும் அவளோடு கனடா போகிறார், மெஷின் தேவாலய மண்டபத்துக்குப் போகிறது. போகுமுன் அந்த மெட்டை அந்த மெஷினிலேயே ரெக்கோர்ட் பண்ண வேண்டும். ஆனால் மெஷினின் கட்டைகள் செத்துவிட்டன. எதை அமுக்கினாலும் சத்தம் இல்லை.

"அம்மா மெஷினை வெளியால கொண்டு போக விடமாட்டா. நீங்கள்தான் வரவேணும்" என்றாள். "குமிழ் ஒண்டும் அசையக்கூடாதாம்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அங்கேயே நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் காலத்துக் கீபோர்டில் ஒரு சத்தத்தைப் பிடித்து வைத்துப் பெயர் கொடுத்துச் சேமிக்கலாம். அந்தப் பழைய மெஷினுக்கு ஞாபகமே கிடையாது. முகப்பில் இருக்கும் திருகு குமிழ்கள் எங்கெங்கே நிற்கின்றனவோ அதுதான் சத்தம். ஒன்று மயிரிழை திரும்பினாலும் வேறு சத்தம். படம் எடுத்து வைத்துத் திரும்ப அதே இடத்தில் வைக்கலாமே என்பீர்கள். வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு அதே இடத்தில் நிற்கும், காதுக்கு நிற்காது. ஆக அந்த மனிதருடைய சத்தம் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, அதுவும் யாருடைய சட்டைக் கையாவது பட்டால் போய்விடும் நிலையில். அதற்குப் பக்கத்தில் நான் வேலை செய்ய வேண்டும்.

வீடு அம்பிட்டிய ரோட்டிலிருந்து மேலே ஏறும் ஒரு தெருவில் இருந்தது. நானாவும் நானும் த்ரீவீலில் போனோம். டீச்சர் வாசலுக்கு வந்தார். நிரோஷாவின் அம்மாவை ஊரில் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வத்தேகமவில் கணக்குப் படிப்பித்தவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு இத்தனை வருஷம் கண்டியில் இருந்தும் கொஞ்சமும் மாறவில்லை.

"வாங்கோ, இருங்கோ. முதல் ஒண்டு சொல்லிப்போடுறன். என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. உந்தக் குமிழ் ஒண்டிலயும் கை படப்படாது. கடைசியா வாசிச்ச அண்டைக்கு எப்பிடி விட்டதோ அப்பிடியே கிடக்கு. நான் தூசு தட்டுறதெண்டாலும் ஊதித்தான் தட்டுறனான்."

அறைக்குள் போய்ப் பார்த்தால், மெஷினின் முகப்புக்கு மேல் ஒரு மீன் தொட்டி கவிழ்த்து வைத்திருக்கிறது. கண்ணாடித் தொட்டி. உள்ளே குமிழ்கள் வரிசையாகத் தெரிந்தன. காட்சிச்சாலையில் வைத்த மாதிரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்தத் தொட்டியைத் தூக்க வேண்டியவள் நான்தானே.

நானா ஒரு கதிரையைப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்தார். மணிக்கூட்டைக் கழற்றி சட்டைப் பைக்குள் போட்டார். நான் வளையலைக் கழற்றினேன், பிறகு யோசித்து துப்பட்டாவையும் இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். நிரோஷா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நேராக மேலே, நேராக மேலே என்று நானா சொல்லிக்கொண்டே இருந்தார். தொட்டியின் விளிம்பு கடைசிக் குமிழைத் தாண்டும் வரை நான் மூச்சு விடவில்லை. டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்டியின் ஈரம் அந்தத் தொட்டிக்குள்ளும் அடைந்து கிடந்திருக்கிறது. டோர்ச் அடித்துப் பார்த்தால், கட்டைகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய கம்பிகள் பச்சை பிடித்திருந்தன. அவற்றைச் சரி செய்வதென்றால் மெஷினை முழுக்கக் கழற்ற வேண்டும், குமிழ்களைப் பிடுங்க வேண்டும். அது நடக்காது. ஆனால் மெஷினின் முதுகில் இரண்டு சொக்கெட் இருந்தன. வெளியே இருந்து வோல்டேஜ் கொடுத்தால் கட்டையைத் தொடாமலே மெஷின் பாடும். எங்கள் வழி அதுதான்.

மிடி என்றால் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எந்தக் கட்டையை எப்போது அமுக்கினாய், எப்போது விட்டாய் என்ற செய்தி மட்டும்தான் அது. புதுக் கீபோர்ட் அந்தச் செய்தியை அனுப்பும். பழைய மெஷினுக்கு அது விளங்காது, வோல்டேஜ் மட்டும்தான் விளங்கும். நடுவில் ஒரு கன்வேர்ட்டர் பெட்டி இருந்து, இந்தக் கட்டைக்கு இவ்வளவு வோல்ட் என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். நிரோஷா தன்னுடைய சின்னக் கீபோர்டில் வாசிப்பாள், பெட்டி மாற்றும், அப்பாவின் மெஷின் பாடும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

ஆனால் அதற்கு முன் பல வருஷம் தூங்கிய மெஷினுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கும் பழைய கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தால் வெடிக்கலாம். மெஷின் கேட்கும் குறைந்த வோல்டேஜுக்கு இறக்கும் ட்ரான்ஸ்போமருக்கு முன்னால் ஒரு பல்பை வரிசையில் போட்டோம். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் கரண்ட் முழுவதையும் பல்ப் வாங்கிக்கொண்டு பளிச்சென்று எரியும், மெஷின் தப்பும். நல்லதென்றால் ஒருமுறை மினுங்கி அடங்கும்.

"சொல்லிட்டுப் போடுங்க" என்றார் நானா.

"மினுங்கி அடங்கும்" என்றேன். ஸ்விட்சைப் போட்டேன்.

பல்ப் எரிந்தது. அடங்கவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. நான் ஸ்விட்சில் கையை வைத்தேன். "பொறுங்க" என்றார் நானா. பொறுத்தேன். பல்ப் மெதுவாக, மிக மெதுவாக மங்கியது. காய்ந்த கெப்பாசிட்டர்கள் தண்ணீர் குடிப்பது போலக் கரண்டைக் குடித்திருக்கின்றன. நான் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமலே நிற்பதை டீச்சர் பார்த்துவிட்டார். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பக் கதவடிக்குப் போய் நின்றார்.

மெஷின் சூடாக விட்டோம். சூடாகும் வரை அதன் சுருதி நிற்காது. பிறகு கன்வேர்ட்டர் வயர்களை முதுகுச் சொக்கெட்டுகளில் குத்தினேன்.

குத்திய உடனே மெஷின் கத்தத் தொடங்கியது.

யாரும் ஒரு கட்டையையும் தொடவில்லை. அடித்தொண்டையில் ஒரே சுரம், நிறுத்தாமல். டீச்சரின் கை வாய்க்குப் போய்விட்டது. நிரோஷா பயந்துபோய்த் தன் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினாள். மெஷின் அமைதியானது. கையை எடுத்தாள். திரும்பக் கத்தியது. அமுக்கினால் மௌனம், விட்டால் சத்தம்.

"என்ன இது, ஏன் இப்பிடி?" என்றார் டீச்சர். பேய் பிசாசு என்று நம்புகிறவர் இல்லை அவர், கணக்கு டீச்சர். ஆனாலும் முகம் வெளுத்துவிட்டது.

காரணம் எனக்கு உடனே விளங்கியது. இந்த மெஷினுக்குப் பழக்கம் தலைகீழ். பெரும்பாலான மெஷின்கள் வோல்டேஜ் வந்தால் பாடும். இது அந்த வயரை எர்த் என்கிற பூமியோடு தொட வைத்தால்தான் பாடும். எங்கள் பெட்டி சும்மா இருக்கும்போது வயரைப் பூமியில்தான் வைத்திருந்தது. ஆகவே சும்மா இருக்கும்போதெல்லாம் பாடு என்ற உத்தரவு போய்க்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கினேன். பையிலிருந்து ஒரு ட்ரான்சிஸ்டரையும் ஒரு ரெசிஸ்டரையும் எடுத்து, வயரின் நடுவே உத்தரவைத் தலைகீழாக்கும் சின்ன இணைப்பு ஒன்றை அங்கேயே ஈயம் வைத்துச் செய்தேன். நானா பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவரிடம் அது பெரிய பரிசு.

அடுத்த தொல்லை சுரம். நிரோஷா சரிகம வாசித்தால் மேலே போகப் போகச் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பஸ் கூட்டத்தில் நெரிபடுவது மாதிரி. அதற்கும் காரணம் உண்டு. மற்ற மெஷின்களுக்கு ஒரு ஸ்தாயி ஏற ஒரு வோல்ட் கூட்டினால் போதும். இதற்கு ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வோல்டேஜை இரட்டிப்பாக்க வேண்டும். பெட்டியில் அதற்கென்று ஒரு மாற்று வழி இருந்தது. மாற்றினேன். உச்சியில் இருக்கும் சுரத்தைச் சரி செய்வது, பிறகு ஆகக் கீழே இருப்பதைச் சரி செய்வது, அதில் மேலே உள்ளது கொஞ்சம் கெடும், திரும்ப மேலே போவது. பொறுமைதான் வேண்டும். எல்லாத் திருத்தமும் எங்கள் பெட்டியில்தான். மெஷினை ஒரு விரலாலும் தொடவில்லை. மெஷினின் மொத்தச் சுருதி கொஞ்சம் கீழே நின்றது. அதற்கும் குமிழ் உண்டு, அதையும் தொடவில்லை. அவர் விட்ட சுருதியே இருக்கட்டும் என்று விட்டோம்.

"வாசிங்க" என்றேன் நிரோஷாவிடம்.

வாசித்தாள். சுரம் எல்லாம் சரி. மெட்டும் அதுதான். ஆனால் சத்தம் செத்துக் கிடந்தது. போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ பாடுவது போல. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூடின சத்தம்.

நிரோஷா நிறுத்திவிட்டாள். "இது அப்பான்ர சத்தமில்லை." போனில் ஒரு பதிவு வைத்திருந்தாள், பழைய கெசட்டிலிருந்து எடுத்தது. கரண்டி, கோப்பைச் சத்தங்களுக்கு நடுவே அந்த மெட்டு. அதில் ஒவ்வொரு அடியும் வாய் மூடிய முனகலாகத் தொடங்கி மெல்லத் திறந்து "ஆ" என்று விரிந்து திரும்ப மூடிக்கொண்டது. அவள் கடைக்கு வந்த அன்றே நானும் அதைக் கேட்டிருந்தேன். மெஷின் தானாகச் செய்கிற வேலை அது என்று நினைத்திருந்தேன். நானாவும் அப்படித்தான் நினைத்தார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தொட்டியைத் தூக்கும்போது பட்டுவிட்டதோ? துப்பட்டா? தண்ணீர் கிளாஸை வாங்கும்போது முழங்கை? காலையில் வந்ததும், தொட்டியைத் தூக்குமுன் எடுத்த படங்களைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு குமிழாகப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. அசையவில்லை என்று கண் சொல்கிறது, உள்ளுக்குள் ஒன்று நம்ப மாட்டேன் என்கிறது. ஒரு மனிதர் விட்டுப்போன ஒரே சத்தம், என் கையால் போய்விட்டது என்றால் நான் எந்த முகத்தோடு இந்த வாசலைத் தாண்டுவது? அழுகை வரும் போல் இருந்தது.

நானா மெதுவாகச் சொன்னார். "அந்தப் பெரிய குமிழ்ல துரு பிடிச்சீக்கும்."

சத்தத்தை மூடித் திறக்கும் குமிழ் அது. உள்ளே கரித்தடத்தில் ஈரம் ஏறினால் சத்தம் இப்படி அமுங்கும். சுத்தம் செய்வதற்கு மருந்து அடித்துக் குமிழை இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். திருப்பாமல் வழி இல்லை. நான் டீச்சரிடம் கேட்டேன்.

"டீச்சர், அந்த ஒரே ஒரு குமிழ மட்டும் கொஞ்சம் திருப்பிட்டு, அதே எடத்துல வெச்சிடுறேன். படம் இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

"வேண்டாம்."

"அம்மா, இல்லாட்டி இது சரிவராது" என்றாள் நிரோஷா.

"வேண்டாமெண்டு சொன்னனான்!" வகுப்பறைக் குரல் அது. "எதை வேணுமெண்டாலும் தொடுங்கோ, அதைத் தொடாதேங்கோ."

எனக்கு ஒன்று உறைத்தது. வந்ததும் ஒன்றையும் தொடாதே என்றவர், இப்போது எதை வேண்டுமானாலும் தொடு, அதைத் தொடாதே என்கிறார். நானாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "டீச்சர், அவர் விட்ட நேரமும் சத்தம் இப்பிடித்தானா ஈந்திச்சி?"

டீச்சர் உள்ளே போய்விட்டார். வெளியே ஹந்தானை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி தூரத்தில் உருண்டது. இடி கேட்டால் வயரைக் கழற்றிவிட வேண்டும், மலைநாட்டு மின்னல் எத்தனை மெஷினைத் தின்றிருக்கிறது. நானா எழுந்துபோய்ச் சுவர்ப் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் திரும்பி வந்தார். குசினியிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை மெஷினின் இடப் பக்கம், சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"அது பழுதில்லை, பிள்ளை" என்றார் என்னைப் பார்த்து. "மெட்டு முடிஞ்சா அதை மூடித்தான் விடுறது. மூடித்தான் கிடக்கு."

"யாரு மூடினது?" என்றேன்.

"நான்தான். இவருக்கு ரெண்டு கையும் வேலை. ஒரு கை ஓர்கனில, மற்றது இதில. குமிழைத் திருப்ப ஆர் இருக்கினம்? இவர் தலையை ஆட்டுவார், நான் திறப்பன். திரும்ப ஆட்டுவார், மூடுவன். மற்றதெல்லாம் இவர் விட்ட இடம். இது நான் விட்ட இடம்."

நிரோஷா கீபோர்டை விட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்கள் சும்மா அப்பாவுக்குத் துணைக்கு இருக்கிறியள் எண்டுதானே நாங்கள் நினைச்சம். போட்டோவில எல்லாம் பக்கத்தில இருக்கிறியள்."

"எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சவை."

"ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார் டீச்சர். கோபமில்லாமல்தான் சொன்னார்.

எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. எந்த மெஷினைக் கண்டாலும் முகப்பைத்தான் பார்க்கிறோம், சொக்கெட்டைத்தான் பார்க்கிறோம். வோல்டேஜால் கொண்டு போகக்கூடியது சுரமும் நேரமும்தான் என்று தெரிந்திருந்தும், மிச்சத்தை யார் செய்தார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. நான் ரெக்கோர்டரை ஓட விட்டேன். நிரோஷாவின் கை கட்டைகளில் நின்றது.

டீச்சர் கையை நீட்டினார். குமிழுக்குக் கொஞ்சம் முன்னால் விரல்கள் நின்றுவிட்டன. அந்த இடத்தை அவர் எத்தனை வருஷம் கண்ணாடித் தொட்டியால் மூடிக் காத்து வந்திருக்கிறார். ஒருமுறை திருப்பினால் அது போய்விடும், திரும்ப வராது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "அம்மா, வேண்டாமெண்டா விடுங்கோ" என்றாள் நிரோஷா, அழுகையை அடக்கிக்கொண்டு.

"நீ தலையை ஆட்டு" என்றார் டீச்சர்.

நிரோஷா முதல் அடியை வாசித்துத் தலையை ஆட்டினாள். டீச்சர் திருப்பினார்.

கறகறவென்று ஒரு சத்தம் கிழித்துக்கொண்டு வந்தது. நானா சொன்ன துருவும் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. டீச்சர் நிறுத்தவில்லை. திறந்தார், மூடினார், திறந்தார். ஒவ்வொரு திருப்புக்கும் கறகறப்பு குறைந்தது. குமிழைத் திருப்பத் திருப்பத் தடம் தானே சுத்தமாகும். இரண்டாவது அடியில் முனகல் மெல்லத் திறந்து "ஆ" என்று விரிந்தது. கரண்டிச் சத்தமும் கோப்பைச் சத்தமும் இல்லாமல், அந்த அறைக்குள், முழுசாக. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். நிரோஷாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, கை மட்டும் பிழைக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே வாசித்தாள்.

கடைசி அடி முடிந்தது. டீச்சர் குமிழை மெதுவாக மூடினார். இரண்டாவது இடி முழங்கியது, கிட்டத்தில். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நானா பிளக்கை இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், கழற்றட்டா என்று.

"போதும் அம்மா" என்றாள் நிரோஷா. "நல்லா வந்திட்டுது. இதையே வைப்பம்."

டீச்சர் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணைச் சுருக்கி எதையோ யோசித்தார்.

"இல்லை. ரெண்டாவது அடியில நான் கொஞ்சம் பிந்திட்டன்" என்றார். "திரும்ப வாசி."